வெளக்க அணைக்க வந்த தம்பிக்கு

உன்ன சார்னு கூப்புடறதா, தம்பின்னு கூப்புடறதா? மொதல்ல அதச் சொல்லிடு. சார்னா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவேன், தேன் வெலையும் கொஞ்சம் கூடும். தம்பின்னா கேக்காததையும் சேத்துச் சொல்லுவேன். வெல மட்டும் அதே தான்.

சரி, தம்பின்னே வெச்சுக்குவோம். ஜமுனாமரத்தூரு பஸ் ஸ்டாண்டு கிட்ட வண்டிய நிறுத்திப்புட்டு நீ பண்ணுன வைத்தியத்தயெல்லாம் டீக்கடையில உக்காந்து பாத்துக்கினு தான் இருந்தேன். சாவிய அணைச்சு அணைச்சுப் போட்ட. டேஷ்போர்ட தட்டுன. போன்ல படம் புடிச்சு எவனுக்கோ அனுப்புன. அவன் பரிகாரம் சொன்னான் போல, எலுமிச்சம்பழம் வாங்கி டயருக்கு அடியில வெச்சு ஏத்துன. பழம் நசுங்குச்சு, வெளக்கு நசுங்கல. நெல்ல பழம்பா அது. ஊறுகாய்க்காவது ஆயிருக்கும்.

மீட்டர்ல செவப்பா எரியற அந்தப் படத்த என் பேத்தியும் எட்டிப் பாத்துச்சு. ஒரு ஆளு உக்காந்திருக்கான், அவனுக்கு முன்னால ஒரு உருண்டை. "பலாப்பழத்த மடியில வெச்சுக்கினு பஸ்ஸுல போறாரு தாத்தா"ன்னு சொல்லிச்சு. மலையில பொறந்த புள்ளைக்கு அப்படித் தான் தோணும். உனக்குத் தான் பட்டணத்துல பொறந்தும் அது ஏர்பேக் வெளக்குன்னு தெரிய மூணு பேரக் கேக்க வேண்டியதாப் போச்சு.

இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு மொறைக்காத. பெரிய பொண்ணு வயித்துப் பேரன் வேலூர்ல கார் மெக்கானிக்கு. பொங்கலுக்கு வந்தா வாய் ஓயாம வண்டிக் கதை தான். காது கொடுத்துக் கேக்கறவன் ஊர்லயே நான் ஒருத்தன். எனக்கும் வேற போக்கிடம் இல்ல.

அவன் சொன்னது இது. சாவி போட்டதும் அந்த வெளக்கு எரியத் தான் செய்யணும். 6 விநாடி போல எரியும், வண்டிக்கு வண்டி ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும். அந்த நேரத்துல உள்ள இருக்கற கம்ப்யூட்டரு ஒவ்வொருத்தரையா பேர் சொல்லிக் கூப்புட்டுப் பாக்குது. ஸ்டியரிங்குல பை இருக்குதா, பெல்ட்ட இழுத்துப் புடிக்கற மருந்து இருக்குதா, முன்னால சென்சாரு முழிச்சிருக்குதா? எல்லாரும் "உள்ளேன் ஐயா" சொல்லிட்டா வெளக்கு அணைஞ்சிடும். அணையலன்னா எவனோ ஒருத்தன் பதில் சொல்லல. அவ்ளோ தான் சங்கதி.

கொண்டை ஊசி வளைவுல பை வெடிச்சு மூஞ்சியில அடிச்சிடுமோன்னு உன் வீட்டுக்காரம்மா பயப்படுது. பள்ளத்துல எறங்குனதுக்கும் வளைவுல திருப்புனதுக்கும் எல்லாம் அது வெடிக்காது தாயி. பயம் வேற எடத்துல இருக்குது. வெளக்கு எரியறப்ப மோதுனா, வர வேண்டிய பை வராமலே போயிடலாம். ஒரு எடத்துல கோளாறுன்னா மொத்த ஏர்பேக்கையும் அடக்கி வெச்சிடற வண்டிங்க உண்டு.

சாமைக்கொல்லைக்குக் காட்டுப்பன்னி வரும்னு பரண் கட்டி ஒரு ஆளப் படுக்க வெப்போம். நடுராத்திரியில அவன் "கம்ப ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்"னு கத்தறான்னு வெய்யி. நீ கம்ப எடுத்துக்கினு ஓடணும். நீ இன்னா பண்ற? அவன் வாய அடைக்கறதுக்குத் துணி தேடிக்கினு இருக்கற.

வெளக்க அணைச்சா நெல்லதுன்னு இந்த மலையில ஒரே எடத்துல தான் சொல்லலாம், காவலூருல. 1968-லேர்ந்து அங்க வானத்தப் பாத்துக்கினு இருக்கறாங்க. 1986-ல பிரதமர் ராஜீவ் காந்தியே வந்து, வானத்த ஆராஞ்ச விஞ்ஞானி வைணு பாப்பு பேர அந்த எடத்துக்கு வெச்சுட்டுப் போனாரு. அங்க இருக்கற பெரிய தொலைநோக்கியோட கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். சுத்துப்பட்டுல வெளிச்சம் கூடுனா அவங்களுக்கு நட்சத்திரம் மங்கிப் போவும். நீ வண்டியில வெளக்க அணைச்சுட்டுப் போனாலும் நட்சத்திரம் தெரியும். ஆனா ஏதாவது ஒரு புளிய மரத்துல மோதணும்.

இப்ப குனி. முட்டி வலிக்குதா? எனக்கு எழுவது தாண்டிடுச்சு, நானே குனிஞ்சுட்டேன். முன் சீட்டுக்கு அடியில போன் டார்ச் அடி. மஞ்சக் கலர்ல ஒரு கப்ளர் தெரியுதா? ஏர்பேக் ஒயரு, கப்ளர்னா மஞ்சத் தான், தெரியாதவன் கைய வெக்கக் கூடாதுன்னு. இப்ப அதுக்குப் பக்கத்துல இன்னா கெடக்குதுன்னு பாரு. நேத்து ரோட்டோரம் வாங்குன தேன், கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்திக் கொடுத்தது. மூடி சரியா மூடல. மேட்டு மேல ஒழுகி, கப்ளர் வரைக்கும் ஓடி, அங்க ஒரு எறும்புக் கும்பல் பந்தி போட்டு உக்காந்திருக்குது. சத்தியமா அது நான் வித்த தேன் இல்ல. நான் வித்ததா இருந்தா இப்படி ஓடாது, கெட்டியா நிக்கும். அதுக்குப் பின்னால பேப்பர்ல சுத்துன பாதி பலாப்பழம். நீ சீட்ட பின்னால தள்ளறப்பெல்லாம் பழம் போயி கப்ளர முட்டியிருக்குது. உத்துப் பாரு, ஒரு பக்கம் பூட்டு வாயத் தொறந்துக்கினு நகக்கண் அளவுக்கு வெளிய வந்திருக்குது.

கைய எடு! அமுக்கி வுட்டா சரியாயிடும்னு நீ கெளம்புவன்னு எனக்குத் தெரியும். மெக்கானிக்கே பேட்டரி டெர்மினல கழட்டிட்டுக் கொஞ்ச நிமிஷம் சும்மா உக்காந்துட்டுத் தான் அதத் தொடுவான். வண்டி மோதி பேட்டரி நசுங்கிப் போனாலும் பை வரணும்னு, அந்தக் கம்ப்யூட்டர் உள்ள கொஞ்சம் கரண்ட்ட சேத்து வெச்சுக்கினு இருக்கும். அது வடியணும். எவனாவது டெஸ்ட் லாம்பு எடுத்துக்கினு "ஒயருல குத்திப் பாக்கறேன்"னு வந்தா அவன டீக் குடிக்க அனுப்பிடு. அவ்ளோ கரண்டே பைக்குத் தீ வெக்கப் போதும். பை பலூன் மாதிரி ஊதறதுன்னு நெனச்சுக்காத, உள்ள இருக்கறது மருந்து. தீப்பொறி பட்டு, அது வாயுவாகி, 30 மில்லி விநாடியில பைய நெப்பிடும். கண்ணு ஒரு தடவ இமைக்க அதுக்கு மேல ஆவும்.

இன்னொரு சந்தேகம் எலி மேல. ராத்திரி வண்டிய பலா மரத்தடியில, தானியம் கொட்டி வெச்ச கொட்டகைக்குப் பக்கத்துல நிறுத்துன. எலி சாமையத் தின்னுட்டு, குளிருக்குச் சூடான இன்ஜின் மேல ஏறிப் படுத்து, தூக்கம் வரலன்னு ஒயரக் கடிக்கும். கடிச்ச ஒயர முறுக்கி டேப் சுத்தி வுடறது ஹாரனுக்கு வேணா ஆவும், ஏர்பேக்குக்கு ஆவாது.

ஹாரன்னு சொன்னதும் ஞாபகம் வருது. அமுக்கு பாப்போம். வளைவுக்கு வளைவு அடிச்சுக்கினு வரணும்னு போர்டு வெச்சிருக்குதே, நீ ஒரு எடத்துலயும் அடிக்கல. மரியாதின்னு நெனச்சேன். ஹாரனும் அடிக்கல, ஸ்டியரிங்குல பாட்டு மாத்தற பட்டனும் வேல செய்யல, ஏர்பேக் வெளக்கும் எரியுதுன்னா, மூணும் சேந்து காட்டறது கிளாக் ஸ்பிரிங். ஸ்டியரிங்குக்கு அடியில ஒரு வட்டப் பெட்டி, அதுக்குள்ள சப்பையான நாடா ஒயரு சுருண்டு கெடக்கும். ஸ்டியரிங் திரும்பறப்ப சுருளும், பிரியும். ஸ்டியரிங்குல இருக்கற பைக்கு அது ஒண்ணு தான் வழி. எங்க மலை வளைவால அறுந்துச்சுன்னு பழி போடாத. வயசானா அறும். இல்லன்னா முன்ன எவனோ ஸ்டியரிங்க கழட்டி, நடு எடத்துல நிறுத்தாம மாட்டியிருப்பான். மாட்டுன அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் முழு வளைவு திருப்பறப்ப பட்டுனு போவும்.

பேட்டரி இறங்கிப் போனாலும், பேட்டரி மாத்துன ஜோர்லயும் அந்த வெளக்கு வந்து நிக்கறது உண்டு. சில நேரம் அது மட்டும் தான் வியாதி. அப்படி இருந்தா உனக்கு அதிர்ஷ்டம், எனக்குப் பேச வேற விஷயம் வேணும்.

இவ்ளோ சொல்லியும், "பெருசு, கதை வேணாம், வெளக்கு அணைஞ்சாப் போதும்"னு உன் மூஞ்சி சொல்லுது. சொல்றேன், செலவில்லாத வழியும் இருக்குது. கறுப்பு டேப் ஒரு துண்டு கிழிச்சு மீட்டர் மேல ஒட்டிடு. வெளக்குக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. டேப் அசிங்கமா இருக்குதுன்னா மீட்டரப் பிரிச்சு பல்பயே புடுங்கித் தர ஆளு இருக்கறான். இதுக்கும் மேல ஒரு படிச்ச வழி இருக்குது. பை இருக்க வேண்டிய எடத்துல, ஒயரு முனையில ரெண்டு மூணு ஓம்ஸ்ல ஒரு ரெசிஸ்டர சொருவிடுவாங்க. கம்ப்யூட்டரு "பை இருக்குதா"ன்னு கேக்கும். ரெசிஸ்டரு "இருக்கறேன் சாமி"ன்னு பைக்குப் பதிலா கைய தூக்கும். வெளக்கு அணைஞ்சிடும், நீ சந்தோஷமா காசு கொடுத்துட்டு வந்துடுவ. நாளைக்கு மோதறப்ப உன் மூஞ்சிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல ரெசிஸ்டரு வந்து நிக்கும். அரிசி அளவு தான் இருக்கும், பாத்துக்க.

இந்த வண்டி செகண்ட் ஹேண்டா? அப்ப வாங்கறப்ப ஒண்ணு பாத்திருக்கணும். சாவி போட்டதும் அந்த வெளக்கு எரியவே இல்லன்னா "ஆகா, கோளாறே இல்லாத வண்டி"ன்னு மாலை போடக் கூடாது. எரிஞ்சு அணையணும். எரியாததும் கோளாறு, அணையாததும் கோளாறு. ஒரு தடவ மோதி பை வெடிச்ச வண்டியில புதுப் பை போடறதுக்குக் காசு கேக்கும்னு, வெறும் மூடிய ஒட்டி பாலீஷ் போட்டு வித்துடறவங்க இருக்கறாங்க. உன் வண்டி எரியவாவது எரியுதே. அந்தக் காரு முழுக்க உன்கிட்ட உண்மை பேசறது இப்போதைக்கு அந்த வெளக்கு ஒண்ணு தான்.

டேஷ்போர்டுக்கு வருவோம். இடது பக்கம் ஏர்பேக்னு எழுத்து அச்சடிச்சிருக்குது. சரியா அந்த எழுத்து மேலயே பசை போட்டுப் பிள்ளையார உக்கார வெச்சிருக்க. வெங்கலம் வேற. அந்த மூடியப் பொளந்துக்கினு மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகத்துல பை வரும். பைக்கு முன்னால கெளம்பறவரு இவரு. எதிர்ல உக்காந்திருக்கறது உன் வீட்டுக்காரம்மா. விக்கினம் தீக்கறவரு கையாலயே விக்கினம் நடக்கணுமா? எறக்கி கியர் பக்கம் வெய்யி. ஆத்தங்கரை அரசமரத்தடியிலயே உக்காந்தவரு, கோவிச்சுக்க மாட்டாரு. வண்டிக்கு முன்னால மாட்டியிருக்கற அந்தக் கம்பி வேலியயும் கழட்டு. மோதற அடிய சென்சாருக்கு ஒழுங்கா போவ வுடாது அது. 2017 டிசம்பர்லயே டில்லி சர்க்காரு கழட்டச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. யான வந்தா தடுக்கும்னு மாட்டுனியா? எந்த யானைக்கும் அது பல்லு குத்தற குச்சி. சீட்டுக்கு ரெக்சின் கவரு இறுக்கித் தெச்சிருக்கியே, பக்கவாட்டுப் பை சீட்டுக்குள்ளேர்ந்து வர்ற வண்டியா இருந்தா அது கவருக்குள்ளயே குடும்பம் நடத்த வேண்டியது தான்.

இப்ப நான் சிரிக்காம ஒண்ணு சொல்லப் போறேன். உன் பொண்ணு முன் சீட்டுல அம்மா மடியில உக்காந்துக்கினு வந்துச்சு, வர்றப்பவே பாத்தேன். 2025-ல நம்ம திருப்போரூர் பக்கம் அப்பா மடியில முன்னால உக்காந்திருந்த 7 வயசுப் பையன், பை வெடிச்ச அடியிலயே போயிட்டான். அதுக்கு முந்தின வருஷம் மலப்புரத்துல 2 வயசுக் குழந்தை, அம்மா மடியில. வெளக்கு எரிஞ்சாலும் சரி, அணைஞ்சாலும் சரி, குழந்தைக்கு எடம் பின் சீட்டு. சின்னதா இருந்தா குழந்தைக்குன்னு விக்கற சீட்ட வாங்கி பின்னால மாட்டு. மடி பாதுகாப்புன்னு நம்ம பொம்பளைங்க சொல்லும். மோதறப்ப அந்த மடியும் சேந்து தான் முன்னால போவும்.

இதுல வேடிக்கை இன்னான்னா, இந்தப் பையே ஒரு குழந்தையால வந்தது தான். அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ஜான் ஹெட்ரிக்னு ஒருத்தரு. 1952-ல பொண்டாட்டி, பொண்ணோட ஞாயித்துக்கெழமை ஊரச் சுத்தப் போனாரு. ரோட்டுல மான் குறுக்க வருதான்னு பாத்துக்கினே போனா, திடீர்னு எதிர்ல பாறை. எங்க காட்டு ரோடு மாதிரி தான் போல அங்கயும். ஒடிச்சுத் திருப்பி பள்ளத்துல வுட்டாரு. அந்த நேரத்துல அவரும் பொண்டாட்டியும் யோசிக்காம பண்ணுனது ஒண்ணே ஒண்ணு, நடுவுல இருந்த பொண்ணுக்கு முன்னால கைய நீட்டுனாங்க. அன்னிக்கு ராத்திரி அதயே நெனச்சுக்கினு உக்காந்து படம் போட்டாரு. 1953-ல பேட்டன்ட் வாங்கிட்டாரு. கை தான் பையாச்சு. ஆனா அவருக்குக் காசு ஒண்ணும் வரல. கார் கம்பெனிங்க பெருசா எறங்கறதுக்குள்ள பேட்டன்ட் காலமே முடிஞ்சு போச்சு. நம்ம ஊருக்கு வந்து சேர இன்னும் எவ்ளோ நாளாச்சு பாரு: டிரைவருக்கு ஒரு பை கட்டாயம்னு சட்டம் வந்தது 2019 ஜூலை 1. பக்கத்து சீட்டுக்காரருக்கும் எல்லாப் புது வண்டியிலயும் கட்டாயமானது 2022 பொறந்தப்ப தான். அதுவரைக்கும் பக்கத்துல உக்காந்தவங்க பிள்ளையார நம்பித் தான் வந்தாங்க.

பெல்ட்ட பத்தி நான் சொல்லணுமா? பை பெல்ட்டுக்குத் தொணை, பெல்ட்டுக்குப் பதிலு இல்ல. பெல்ட்டு போடாம மோதுனா, நீ முன்னால பாயறப்ப எதிர்ல பை வந்து அறையும். அது காப்பாத்தறதா அடிக்கறதான்னு அதுக்கே தெரியாது. இந்த லட்சணத்துல, கீச்சு கீச்சுன்னு கத்துதேன்னு பெல்ட்டு பூட்டுல ஒரு வெறும் தகட சொருவி வெச்சிருக்கியே, இது எவ்ளோ? 2023-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 ஆன்லைன் கடைங்களுக்கு உத்தரவு போட்டு, இந்தத் தகட விக்கற 13,118 விளம்பரத்த எடுக்க வெச்சுது. அப்பவும் உன் கைக்கு ஒண்ணு வந்து சேந்துடுச்சு. கெட்டிக்காரன் தான். பெல்ட்டு போட்டிருக்கானா இல்லியான்னு அந்தப் பூட்டப் பாத்துப் பைய வுடற வண்டிங்களும் இருக்குது, அதுக்கும் சேத்துப் பொய் சொல்ற.

சரி, கீழ எறங்கற வழியச் சொல்றேன். இந்த வெளக்குக்கும் இன்ஜினு பிரேக்குக்கும் சம்பந்தமில்ல, வண்டி ஓடும். பை இல்லாத காலத்துல எங்கப்பன் மாட்டு வண்டியில எறங்குனாரு, நீயும் நிதானமா எறங்கு. எல்லாரும் பெல்ட்டு போடுங்க, மார்ல ஸ்டியரிங் இடிக்கற மாதிரி ஒட்டி உக்காராம முக்கா அடிக்கு மேலயே தள்ளி உக்காரு, எறக்கத்துல ரெண்டாவது கியர்லயே வா. போளூரு வழியா வேலூரோ திருவண்ணாமலையோ போயி, உன் வண்டிக் கம்பெனி சர்வீஸ்ல காட்டு. வெளிய காட்டறதா இருந்தா, "உன் ஸ்கேனரு ஏர்பேக்க படிக்குமா"ன்னு கேட்டுட்டு வண்டிய வுடு. இன்ஜின மட்டும் படிக்கற சின்ன ஸ்கேனரு நெறைய சுத்துது. அது இந்தப் பக்கம் எட்டியே பாக்காது. இன்னா கோடு வந்துச்சுன்னு எழுதி வாங்கு. "அழிச்சாச்சு சார், வெளக்கு போச்சு"ன்னு எவனாவது சொன்னா, "எதுக்கு வந்துச்சு?"ன்னு ஒரு கேள்வி கேளு. பதில் வரலன்னா அந்த வெளக்கு உனக்கு முன்னால வீட்டுக்கு வந்துடும்.

அப்படியே சேசிஸ் நம்பரக் கொடுத்து, உன் வண்டிக்கு ரீகால் ஏதாவது இருக்குதான்னு பாக்கச் சொல்லு. 2023 ஜனவரியில மாருதி ஏர்பேக் கன்ட்ரோலருக்காகவே 17,362 வண்டியத் திரும்பக் கூப்புட்டுச்சு, மாத்தறதுக்குக் காசு இல்ல. தகாட்டான்னு ஜப்பான் கம்பெனி ஒண்ணு. அதோட பையில இருந்த அம்மோனியம் நைட்ரேட் மருந்து, வருஷக்கணக்கா வெயிலும் ஈரமும் பட்டுக் கெட்டுப் போயி, வெடிக்கறப்ப இரும்புத் துண்டையும் சேத்து மூஞ்சியில வீசுச்சு. உலகம் பூரா கோடிக்கணக்கான பைய மாத்தி, 2017-ல கம்பெனியே திவாலாச்சு. நம்ம ஊர்லயும் அந்தப் பை மாட்டுன வண்டிங்க இருந்துச்சு. இதுல ஒரு சங்கடம், அந்த மாதிரி மருந்து கெட்டதுக்கு வெளக்கு எரியாது. ஒயரு இருக்குதான்னு தான் கம்ப்யூட்டரு கேக்கும், மருந்து நமுத்துடுச்சான்னு கேக்காது. நம்பர் வெச்சுப் பாத்தா தான் தெரியும்.

நேரமாவுது, கெளம்பு. தேன வேற பாட்டில்ல மாத்தித் தரச் சொல்றேன், பாட்டிலுக்குத் தனிக் காசு. அப்படியே ஒரு உபகாரம் தம்பி, எனக்கும் போளூர்ல ஒரு வேல இருக்குது, ரெண்டு மூட்ட சாமையோட வர்றேன். மூட்டைய டிக்கியில போடு, சீட்டுக்கு அடியில தள்ளாத. பின் சீட்டுல பாப்பா பக்கத்துல நான் உக்காந்துக்கறேன், பெல்ட்ட எப்படி மாட்டறதுன்னு அதுவே எனக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். முன் சீட்டு வேணாம்பா. அது உங்களுக்கே இருக்கட்டும்.